என்ன வேலை பாக்குறீங்க? நோயாளிகளிடம் இதைக் கேட்கச் சொன்ன 17-ம் நூற்றாண்டு டாக்டர்!

நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

கல்யாண வீட்டில் பக்கத்துச் சேரில் உட்கார்ந்தவர் கேட்பார். ட்ரெயினில் எதிர் சீட்காரர் கேட்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ஹவுஸ் ஓனர் கேட்காமல் விடவே மாட்டார். ஆனால், இருமல், மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இதைக் கேட்டாரா? யோசிச்சுப் பாருங்க. எத்தனை நாளா இருக்கு, சளி வருதா, சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கா... பெரும்பாலும் கேள்விகள் அதோடு முடிந்திருக்கும்.

அந்த லிஸ்ட்டில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கு, வேலை என்னன்னு கேட்காமல் மருந்து எழுதாதீங்க என்று 300 வருஷங்களுக்கு முன்பே ஒருத்தர் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் பெர்னார்டினோ ரமாஸினி. இத்தாலிக்காரர். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிப்பது இவரைத்தான்.

ஆபீஸ் ஏசியில் மூக்கடைப்போடு உட்கார்ந்திருந்தாலும் சரி, பட்டறையில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாலும் சரி, இவர் கதை உங்களுக்கும் கொஞ்சம் சொந்தம்தான்.

காய்ச்சலோடு ஊர் திரும்பிய இளம் டாக்டர்

ரமாஸினி பிறந்தது 1633-ல், வட இத்தாலியில் மோதெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்பி என்ற சின்ன ஊரில். பார்மா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் மருத்துவமும் படித்து 1659-ல் பட்டம் வாங்கினார். அடுத்து ரோம் நகரில் பயிற்சி. அப்புறம் ரோமுக்கு வடக்கே கிராமப் பக்கத்தில் ஊர் டாக்டர் வேலை. அங்கே மலேரியா போட்டுப் படுத்தியதில், உடம்பு தேறினால் போதும் என்று சொந்த ஊருக்கே திரும்பினார். வைத்தியம் பார்க்கப் போன இடத்தின் காற்றும் தண்ணீரும் வைத்தியரையே படுக்கவைக்கும் என்பதை அந்த வயதிலேயே அனுபவித்தவர்.

1671-ல் மோதெனா நகருக்குக் குடிபெயர்ந்தார். பெரிய வீட்டு நோயாளிகள் வந்தார்கள், பெயரும் வந்தது. 1682-ல் மோதெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். வகுப்பு, வைத்தியம், புத்தகங்கள் என்று நிம்மதியாக ரிட்டயர் ஆகியிருக்கலாம். அவர் வீட்டுக் கழிவுக்குழி அதற்கு விடவில்லை.

குழிக்குள் இருந்து வந்த பதில்

மோதெனாவில் அப்போது நெருக்கமான வீடுகள். வீட்டுக்கு வீடு மலக்குழி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்வது அந்த ஊர் வழக்கம். அப்படி ஒருநாள் ரமாஸினி வீட்டில் வேலை நடந்தது. உள்ளே இறங்கியவர் மூச்சு விடக்கூட நேரமில்லாதவர்போல அவசர அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ரமாஸினிக்கு மனசு கேட்கவில்லை. எதுக்கு இவ்வளவு அவசரம், கொஞ்சம் நிதானமா செய்தால் உடம்பு இப்படி அலுத்துப்போகாதே என்று கேட்டார்.

அந்தத் தொழிலாளி தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார். இந்தக் குழிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்று இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், கண் பார்வையே போய்விடும் என்றார்.

இன்னொருத்தராக இருந்திருந்தால், பாவம் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பார். ரமாஸினி அவர் மேலே ஏறி வரும்வரை காத்திருந்தார். கண்களைப் பார்த்தார். நன்றாகச் சிவந்து, பார்வை மங்கியிருந்தது. இதுக்கு என்ன பண்ணுவீங்க என்று கேட்டார். வீட்டுக்குப் போய் இருட்டறையில் மறுநாள் வரை அடைந்து கிடப்பேன், வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணைக் கழுவுவேன், அவ்வளவுதான் என்றார் அவர். தொண்டை எரியுதா, மூச்சு திணறுதா, தலை வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதெல்லாம் இல்லை, கண்ணுதான் என்று பதில் வந்தது.

அதன் பிறகு தெருவில் நடக்கும்போது, பார்வை போய்ப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பழைய குழித் தொழிலாளர்கள் அவர் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். அதே தெருவில்தான் அவர் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தார்.

இன்று நமக்குக் காரணம் தெரியும். கழிவில் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கண்ணின் மேல்படலத்தைப் புண்ணாக்கும். அளவு கூடினால் உயிரையே எடுக்கும். ரமாஸினிக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாது. ஆனால், குழிக்குள் இறங்கியவர்கள் பையில் இருந்த செம்பு, வெள்ளிக் காசுகள் கறுத்துப்போவதை அவர் குறித்துவைத்தார். உலோகத்தையே கறுக்கவைக்கும் ஏதோ ஒன்று அந்தக் காற்றில் இருக்கிறது என்பது வரை அவருக்குப் புரிந்துவிட்டது.

பட்டறை பட்டறையாக ஒரு பேராசிரியர்

அந்தக் குழியில் தொடங்கிய தேடல் 1700-ம் ஆண்டு மோதெனாவில் புத்தகமாக வந்தது. லத்தீனில் பெயர், டே மோர்பிஸ் ஆர்ட்டிஃபிகம் டயாட்ரிபா. தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய ஆய்வு என்று அர்த்தம். அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டி நிறைய வருஷம் ஆகியிருந்தது.

சுரங்கத் தொழிலாளி, முலாம் பூசுபவர், குயவர், கண்ணாடி செய்பவர், பெயின்டர், கொல்லர், சலவைத் தொழிலாளி, மருத்துவச்சி என்று 40-க்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எதைத் தொடுகிறார்கள், எதைச் சுவாசிக்கிறார்கள், எப்படி உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், அதனால் உடம்பில் எங்கே அடி விழுகிறது என்று எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களையும் பிற்பாடு வந்த பதிப்பில் விடவில்லை. ஒரே இருப்பு, கைக்கு ஓயாத ஒரே அசைவு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம், இந்த மூன்றும்தான் அவர்கள் பிரச்னை என்றார். லேப்டாப் முன்னாடி மணிக்கட்டு வலியோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்க கவனிக்க!

புத்தகத்தின் முன்னுரையில்தான் அந்தக் கேள்வி வருகிறது. நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அதை அப்படியே ஏற்றுக்கொண்ட ரமாஸினி, கடைசியில் இன்னொன்றைச் சேர்த்தார். நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்பதையும் கேளுங்கள் என்றார். ஏழை வீட்டுக்குப் போனால் போனதும் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், தங்க முலாம் பூசிய நாற்காலியில் உட்காருவதுபோல அங்கே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள் என்றும் சக டாக்டர்களுக்குச் சொன்னார்.

மாவுக்குள் இருந்த எதிரி

இப்போது ஆஸ்துமாவுக்கு வருவோம்.

ரொட்டி சுடுபவர்கள் பற்றி ரமாஸினி எழுதியதை இன்று எந்த பேக்கரி மாஸ்டர் படித்தாலும் தலையாட்டுவார். ஊரே தூங்கும்போது இவர்களுக்கு வேலை, ஊர் விழிக்கும்போது தூக்கம். மாவு பிசைந்து பிசைந்து கை பெரிதாகிவிடுவதால், கையைப் பார்த்தே இவர் ரொட்டிக்காரர் என்று சொல்லிவிடலாம் என்றும் எழுதினார். முக்கியமான விஷயம், மூச்சு. மாவு சலிக்கும்போது பறக்கும் துகள் காற்றோடு உள்ளே போகிறது, எச்சிலோடு சேர்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது, இருமல், தொண்டை கட்டுதல், மூச்சிரைப்பு, கடைசியில் ஆஸ்துமா என்று வரிசைப்படுத்தினார்.

பசை பற்றிய அவர் விளக்கம் தப்பு. ஆனால், மாவுத்தூசு ஆஸ்துமா தருகிறது என்ற கவனிப்பு சரி. கோதுமை மாவில் இருக்கும் புரதங்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துவிடுவதுதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். மாவு நன்றாகப் பொங்குவதற்காகச் சேர்க்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியும் இன்று இந்த லிஸ்ட்டில் உண்டு. இந்த நோய்க்கு பேக்கர்ஸ் ஆஸ்துமா என்றே பெயர்.

தானியம் சலிப்பவர்கள், அளப்பவர்கள் பற்றி எழுதியது இன்னும் ஆச்சர்யம். அந்தத் தூசு பட்டதும் உடம்பெல்லாம் அரிக்கிறது, கண் எரிகிறது, மூச்சு வாங்குகிறது, இந்தத் தொழில் செய்பவர்கள் முதுமையைப் பார்ப்பதே அரிது என்றார். அதோடு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ சின்னஞ்சிறு புழுக்கள் அந்தத் தூசுக்குள் இருக்க வேண்டும், சலிக்கும்போது அவை கிளம்பி வந்து உடம்பில் ஒட்டுகின்றன என்று சந்தேகப்பட்டார். சேமித்துவைத்த தானியத்தில் வாழும் நுண்ணிய உண்ணிகள் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும் என்பது இன்று நிரூபணமான உண்மை. சரியான இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர் கை வைத்திருக்கிறார்.

சணல் போன்ற நார்களைச் சிக்கெடுப்பவர்களின் ஓயாத இருமலையும் அவர் எழுதினார். கல் செதுக்குபவர்கள் கூரான கல்துகளைச் சுவாசிப்பதையும், இறந்த கல்தச்சர்களின் நுரையீரலைக் கத்தியால் அறுத்தபோது மணலை அறுப்பதுபோல இருந்தது என்று இன்னொரு மருத்துவர் பதிவு செய்திருந்ததையும் எடுத்துச் சொன்னார். சிலிக்கோசிஸ் என்று இன்று நாம் சொல்லும் நோய் அது.

தொழிற்சாலை ஜெயித்த வழக்கு

காரணம் தெரிந்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீங்களா? ரமாஸினியே தன் புத்தகத்தில் ஒரு வழக்கைச் சொல்கிறார்.

மோதெனா ஆட்சிக்கு உட்பட்ட ஃபினாலே என்ற ஊர். அங்கே மோதெனாவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபருக்கு, பாதரசத்தில் இருந்து ஒரு வகை உப்பு தயாரிக்கும் பெரிய ஆலை இருந்தது. அதற்காக விட்ரியால் என்ற பொருளை உலையில் வறுப்பார்கள். அந்தப் புகையால் தெருவே நாசமாகிறது, ஆலையை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார்.

சும்மா போடவில்லை. ஊர் டாக்டரின் சாட்சியம் இருந்தது. தேவாலயத்தின் இறப்புப் பதிவேட்டையும் எடுத்துவந்து காட்டினார். ஆலைக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் மற்ற தெருக்காரர்களைவிட அதிகமாகச் சாகிறார்கள், அதுவும் பெரும்பாலும் உடல் மெலியும் நோயாலும் நெஞ்சு நோய்களாலும் சாகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. இன்று ஒரு ஆய்வாளர் செய்கிற வேலையை, ஒரு ஊர்க்காரர் 17-ம் நூற்றாண்டில் செய்தார்.

தீர்ப்பு? ஆலை முதலாளி பக்கம். புகை குற்றமற்றது என்று விடுதலை ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியா என்பதை இயற்கை விஞ்ஞானம் தெரிந்தவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று ரமாஸினி நாசூக்காக எழுதிவிட்டு நகர்ந்தார். அரசவையோடு தொடர்புள்ள ஒரு பேராசிரியர் அதற்கு மேல் பேசுவது அன்று சுலபம் இல்லை.

இந்த நாசூக்கில்தான் அவருடைய எல்லையும் தெரிகிறது. ரொட்டிக்காரருக்கு அவர் சொன்ன வைத்தியம், முகத்தை அடிக்கடி கழுவு, வினிகர் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளி, தேனும் வினிகரும் சேர்த்த பானம் குடி என்பதுதான். தூசைக் குறைக்க வேண்டியது கடை முதலாளியின் பொறுப்பு என்று அவர் அழுத்திச் சொல்லவில்லை. ஆனாலும், நாட்டுக்குச் செல்வம் சேர்க்கும் இந்த மனிதர்களுக்கு மருத்துவம் கடன்பட்டிருக்கிறது என்று எழுதும் துணிச்சல் அவருக்கு இருந்தது. டாக்டர்கள் எட்டிப் பார்க்காத பட்டறைக்குள் போவதை அவமானமாக அவர் நினைக்கவும் இல்லை.

பார்வை மங்கிய கடைசி வருஷங்கள்

புத்தகம் வந்த அதே 1700-ல், வெனிஸ் குடியரசின் புகழ்பெற்ற பதுவா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. போனார். ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. தலைவலி, படபடப்பு, அப்புறம் கண். கடைசிக் காலத்தில் கிட்டத்தட்டப் பார்வை இல்லாமல்தான் வாழ்ந்தார். குழித் தொழிலாளியின் கண்களைப் பார்த்துப் புத்தகம் தொடங்கியவருக்கு இப்படி ஒரு முடிவு.

அப்படியும் வேலை நிற்கவில்லை. 1713-ல் இன்னும் பல தொழில்களைச் சேர்த்து இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். தொழில்களின் எண்ணிக்கை 50-ஐத் தாண்டியது. அடுத்த வருஷம், 1714 நவம்பர் 5-ல், வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்துபோனார். வயது 81.

புத்தகம் அவரைவிட அதிகமாக ஊர் சுற்றியது. 1705-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 1776-ல் பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் தன் நூலில் ரமாஸினியைக் குறிப்பிடுகிறார். எந்த இடத்தில் தெரியுமா? செய்கிற பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், தொழிலாளிகள் உடம்பு கெடும் அளவுக்கு வேலை செய்துவிடுகிறார்கள் என்று சொல்லும் இடத்தில். ஆர்டருக்கு இவ்வளவு, டார்கெட் தாண்டினால் இன்சென்டிவ் என்று ஓடுகிறவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இந்தக் கேள்வி உங்களுக்கும்தான்

சரி, 300 வருஷத்துக்குப் பிறகு இதெல்லாம் நமக்கு எதுக்கு?

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு வேலையிடம் காரணமாக இருக்கிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2019-ல் கணக்குச் சொன்னன. மாவு மட்டும் இல்லை. ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் ஐசோசயனேட், சலூனில் தலைமுடியை ப்ளீச் செய்யும் பவுடர், மரத்தூசு, லேடெக்ஸ் கையுறை, தரை துடைக்கும் கெமிக்கல் ஸ்ப்ரே எல்லாம் அந்த வரிசையில் வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூச்சு இரைக்காது. உடம்பு அந்தப் பொருளை வெறுக்கக் கற்றுக்கொள்ளச் சில மாதங்களோ, சில வருஷங்களோகூட ஆகலாம். அதனால்தான், ரெண்டு வருஷமா இதே வேலைதானே பாக்குறோம், இப்ப மட்டும் எப்படி என்று நாம் ஏமாந்துபோகிறோம். முதலில் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. அப்புறம் இருமல், நெஞ்சு இறுக்கம். சிலருக்கு வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது, ராத்திரி வீட்டில் படுத்த பிறகுதான் இழுப்பு வரும். பழி வீட்டு ஃபேன் மேலும், குளிர்ந்த தண்ணீர் மேலும் விழும்.

நீங்களே கவனிக்க ஒரு வழி இருக்கு. லீவு நாட்களில் மூச்சு லேசாகிறதா? ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினால் இன்ஹேலர் தேவை குறைகிறதா? திரும்பி வேலைக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கிறதா? ஆமாம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்க. பஞ்சுத் தூசில் வேலை செய்பவர்களுக்கு வரும் பிஸினோசிஸ் நோயில் இது வேறு மாதிரி இருக்கும். லீவு முடிந்து திரும்பும் திங்கட்கிழமைதான் நெஞ்சு இறுக்கம் உச்சத்தில் இருக்கும்.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று கையடக்கமான ஒரு கருவி உண்டு. அதில் வேகமாக ஊதி, வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் தினம் நாலு தடவை என்று சில வாரங்கள் அளவைக் குறித்துவைத்தால், மூச்சுக்கும் வேலைக்கும் இருக்கும் தொடர்பு பேப்பரிலேயே தெரிந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று டாக்டர் சொல்லித் தருவார். நீங்களாக மருந்தை நிறுத்துவதோ, பயந்து அன்றைக்கே வேலையை விடுவதோ வேண்டாம். ஆனால், காரணம் உறுதியானால் தள்ளிப்போடவும் கூடாது. அந்தப் பொருளில் இருந்து எவ்வளவு சீக்கிரம் விலகுகிறோமோ, அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் அதிலேயே இருந்தால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா கூடவே வரலாம்.

ரமாஸினி அழுத்திச் சொல்லாமல் விட்டதை இன்றைய தொழில் மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. ஆபத்தான பொருளை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்கணும். முடியாவிட்டால் தூசு கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றணும். மாஸ்க் கடைசிதான். அந்த வரிசையில் மேலே இருப்பதெல்லாம் வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியவை.

அடுத்த முறை மூச்சுப் பிரச்னைக்காக டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிடுங்க: என்ன வேலை, எத்தனை வருஷமா, கையில் என்ன பொருள், மூக்கில் என்ன வாசனை, கூட வேலை செய்யும் வேறு யாருக்காவது இதே தொல்லை உண்டா. சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.